அறுந்த தண்டவாளத்தில் மூன்று தட்டு

எனக்குப் பாம்பு என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முப்பத்தைந்து வருடம் தண்டவாளத்தோடு குடும்பம் நடத்தியவன் இப்படிச் சொன்னால் சிரிப்பு வரும்தான். என் மனைவி தாஹிரா இன்றைக்கும் சிரிக்கிறாள். பொழிச்சலூர் வீட்டு வாசலில் தண்ணீர்க் குழாய் சுருண்டு கிடந்தால்கூட அவளைக் கூப்பிட்டுத்தான் எடுக்கச் சொல்வேன்.

போன மாதம் பழைய ஆபீஸிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் போன் செய்தாள். புதுப் பாதை வேலை நடக்கிறதாம். சிறுபாலத்துக்குள் ஏதாவது உயிரினம் இருக்கிறதா என்று பார்க்க, நீளக் கம்பின் நுனியில் கேமரா கட்டி உள்ளே விடுகிறார்களாம். "உங்க டைம்ல கேமரா இல்லாம எப்படி சார் செக் பண்ணீங்க?" என்று கேட்டாள். "தட்டிப் பார்ப்போம்மா" என்றேன். "தட்டியா?" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்துவிட்டுப் போனை வைத்தேன். அவளிடம் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

அத்தாவுக்குக் குரோம்பேட்டையில் இரும்புச் சாமான் கடை. ஆணி நிறுத்துக் கொடுக்க விருப்பமில்லாமல் பரீட்சை எழுதி ரயில்வேயில் சேர்ந்தேன். பயிற்சியில் ஆறு மாதம் படித்ததில் பாதி மறந்துபோனது. எங்கெங்கோ மாற்றி, கடைசியில் தாம்பரத்தில் தண்டவாளப் பிரிவுக்கு சூப்பர்வைசராக வந்து சேர்ந்தேன்.

மீட்டர் கேஜ் வண்டிகள் நின்றுபோன பிறகு, அந்தப் பழைய குறுகிய பாதையைப் பெயர்த்துவிட்டு அகலப் பாதை போடும் பெரிய வேலை ஆரம்பித்தது. இரும்புலியூரைத் தாண்டினால் பாதை ஏரி ஓரமாகப் போகும். ஒரு பக்கம் தண்ணீரும் கோரையும். இன்னொரு பக்கம் வேலிக்காத்தான் முள், அதற்கும் அப்பால் வண்டலூர்க் காடு. நடுவில் எங்கள் மண்கரை. அந்தக் கரைக்குள் பல தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் ஆமை, உடும்பு, கீரி, சாரை, நல்ல பாம்பு, எல்லாரையும்விட அதிகமாகக் கண்ணாடி விரியன். கரைக்கு அடியில் மழைத்தண்ணீர் போவதற்காக வெள்ளைக்காரன் கட்டிய செங்கல் சிறுபாலங்கள் இருந்தன. காட்டிலிருந்து ஏரிக்குப் போக அதைத்தான் இந்த ஜீவன்கள் பாதையாக வைத்துக்கொண்டிருந்தன.

வனத்துறையிலிருந்து கடிதம் வந்தது. கரையை உடைக்கும் முன் ஒவ்வொரு இடத்தையும் பார்க்க வேண்டும், எதையும் கொல்லக் கூடாது, கொன்றால் வேலை நிற்கும். இந்தப் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்று மீட்டிங்கில் பேச்சு வந்தபோது நான் டீ வாங்கிவர வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தபோது பொறுப்பு என் பெயரில் இருந்தது. எல்லோரும் டீயை ரொம்ப மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள்.

என் மேலதிகாரி தியோடர் சார். ஒல்லியான மனிதர், தாம்பரத்துக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வர வர அவர் குரல் தணிந்துகொண்டே போகும், அதனால் அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் நமக்குக் கை வேர்க்கும். ரிஜிஸ்டர் படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஒரு மரஸ்கேலை வைத்து நகர்த்திப் படிப்பார். நான் எழுதிய முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஸ்கேலை அங்கேயே நிறுத்திவிட்டார்.

"என்ன எழுதியிருக்கீங்க சாதிக்?"

"உயிரினம் இல்லைன்னு சார்."

"இல்லைன்னு சொல்ல ஆண்டவராலதான் முடியும். நீங்க பார்த்து, கண்ணுல படலைன்னா 'காணவில்லை'ன்னு எழுதுங்க. பார்க்கலைன்னா 'பார்க்கவில்லை'ன்னு எழுதுங்க. பார்க்கலைன்னு எழுதினா நான் கோவிச்சுக்க மாட்டேன், இன்னொருத்தரை அனுப்புவேன்."

மறுநாள் அவரே கரைக்கு வந்து செய்து காட்டினார். கைக்குட்டையை நான்காக மடித்து ஜல்லிமேல் போட்டு, அதில் ஒரு முட்டியை ஊன்றி, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துச் சிறுபாலத்துக்குள் பார்த்தார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன்.

தட்டும் வழக்கத்தை எங்களுக்குத் தந்தவன் கோதண்டம். அவன் கீமேன். தினமும் காலையில் ஒரு நீளச் சுத்தியும் ஸ்பேனரும் தோளில் மாட்டிக்கொண்டு பாதை முழுக்க நடந்து, தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து வைக்கும் இரும்புச் சாவிகள் கழன்றிருந்தால் அடித்து இறுக்குவது அவன் வேலை. கரையில் எந்தப் பொந்தில் என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். தண்டவாளத்தில் சுத்தியால் மூன்று தட்டு தட்டுவான். பிறகு சிறுபாலத்தின் வாயருகே போய்க் குந்தி, காதைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் இருப்பான்.

"சாரை, நல்ல பாம்பு எல்லாம் தட்னா ஓடிப்பூடும் சார்," என்று எனக்கு விளக்கினான். "விரியன் கீதே, அது சோம்பேறி. எடத்த வுட்டு நவுராது. ஆனா சீறும். குக்கர் வுடுமே, அந்த மேரி. சீறிச்சின்னா உள்ள கீதுன்னு அர்த்தம்."

"பக்கத்து லைன்ல நாள் பூரா ரயில் போகுதே, அதுக்கு சீறாதா?"

"ரயிலு தெனம் போய்கினு கீது, அதுக்குப் பழகிப்பூட்ச்சு. சுத்தி சவுண்டு வேற சார்."

தியோடர் சார் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டு அதையே நடைமுறை ஆக்கிவிட்டார். உடைக்கப்போகும் இடத்தில் முதல் நாளே பழைய தண்டவாளத்தைத் தட்ட வேண்டும், பாலத்தருகே போய்க் கேட்க வேண்டும், முட்டியிட்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், எழுத வேண்டும். சீறல் கேட்டால் ஊரப்பாக்கம் பக்கத்தில் இருந்த இருளர் பெண் பச்சையம்மாவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அவர் வந்து பிடித்துத் துணிப்பையில் கட்டி, வனத்துறை ஆளோடு போய்க் காட்டில் விட்டுவிட்டு வருவார். பச்சையம்மா வந்தால் நான் ஏதாவது ஒரு அளவு எடுக்க வேண்டியிருப்பதாகச் சொல்லித் தூரமாகப் போய்விடுவேன். "சாரு டேப்ப எட்த்துகினு கெளம்பிட்டாரு" என்று கேங் ஆட்கள் கேலி செய்வார்கள்.

ஏரி ஓரத்துச் சிறுபாலம் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை உடைப்பதாக முடிவானது. பக்கத்து லைனில் வண்டிகளை நிறுத்திக் காலை ஒன்பதரையிலிருந்து நான்கு மணி நேரம் பிளாக் கிடைத்திருந்தது. அந்த நான்கு மணி நேரத்துக்காக ஒன்றரை மாதம் கேட்டுக்கொண்டிருந்தோம். பாலத்தின் வாயை ஒட்டிப் பழைய மரக்கட்டை ஸ்லீப்பர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். முதலில் அவற்றைத் தூக்கிவிட்டு, பிறகு பொக்லைன் இறங்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் நான் பார்க்கப் போனேன். என் கூட வரவேண்டிய கோதண்டம் வேறொரு இடத்தில் சாவி கழன்றிருந்ததால் போய்விட்டான். போகும்போது சுத்தியைக் கொடுத்து, "மூணு தட்டு தட்டிட்டு காது வெச்சிக் கேளு சார், மறந்துறாத" என்றான்.

கரையில் ஆளே இல்லை. முள்ளுக்குக் கீழே காய்ந்த சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. பாலம் நான் நின்ற இடத்திலிருந்து ஐம்பது அடி. சருகில் ஏதோ அசைந்தது. ஓணானாக இருக்கலாம். கால் முன்னால் போகவே இல்லை. நின்ற இடத்திலேயே தண்டவாளத்தை மூன்று தட்டு தட்டினேன். கணீரென்றுதான் கேட்டது. அங்கிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. இன்னும் இரண்டு தட்டு தட்டினேன். கொக்கு ஒன்று எழுந்து போனது, அவ்வளவுதான்.

ரிஜிஸ்டரைத் திறந்து 'காணவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் நினைவு வந்தது. நான் தட்டிய இடத்துக்கும் பாலத்துக்கும் நடுவே வெள்ளிக்கிழமைதான் தண்டவாள இணைப்பைக் கழற்றி, ஒரு துண்டை எடுத்திருந்தோம். கழற்றியதை அன்றைய அறிக்கையில் எழுதியதும் நான்தான். அதிர்வு பாலம்வரை போயிருக்கவே முடியாது; நான் தட்டியது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறது.

அப்போதாவது தியோடர் சாருக்குப் போன் செய்திருக்கலாம். போனைக் கையில் எடுத்தேன். என்ன சொல்வது, பாலத்துக்குப் போகவே பயந்தேன் என்றா? காலையில் சீக்கிரம் போய்க் கோதண்டத்தைக் கூட்டிக்கொண்டு பார்த்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலையில் போனபோது பொக்லைன் வந்து நின்றது, எழுபது பேர் இருந்தார்கள், ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். விடிகாலையிலேயே சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த தியோடர் சார் ஒரு கிலோமீட்டர் தள்ளி மறுமுனையில் இருந்தார். பிளாக் ஆரம்பித்துவிட்டது. நான் கோதண்டம் இருந்த பக்கம் ஓடினேன். அவன் கட்டை அடுக்கின் அடியில் சங்கிலியை நுழைக்கக் குனிந்துகொண்டிருந்தான். "கோதண்டம், இரு!" என்று கத்தினேன். பொக்லைன் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. கையை அடியில் விட்டான்.

கையை இழுத்துக்கொண்டு எழுந்தான். அவன் கத்தவில்லை. வலது ஆட்காட்டி விரலைப் பார்த்தான். இரண்டு புள்ளியில் ரத்தம். அப்போதுதான் உள்ளேயிருந்து சீறல் வந்தது. அவன் சொன்ன மாதிரியே குக்கர் சத்தம்தான்.

நான்கு பேர் அவனைத் தூக்கி, தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போகும் டிராலியில் உட்கார வைத்தார்கள். தள்ளப்போகும் சமயம் அவன் என்னைப் பார்த்தான். அந்த முகத்தில் கோபமே இல்லை. கணக்கு வராத பையன் வாத்தியாரைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"தட்னே இல்ல சார்? அப்பறம் இன்னாத்துக்கு நேத்து சீறல?"

டிராலி போய்விட்டது.

கேங் ஆட்களுக்குத் தலைவனான மேட் மாணிக்கம் கோதண்டத்தின் தங்கையைக் கட்டியவன். அவன் டிராலியோடு போகாமல் பொக்லைன் பக்கம் போனான். டீசல் கேனோடு திரும்பி வந்தான். அவனுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர். ஒருவன் கையில் காய்ந்த பனையோலை.

"ஊத்துடா. எங்க மச்சான கட்ச்ச எதுவும் உசுரோட கூடாது. மொத்தமா கொளுத்து."

காற்று ஏரிப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. கரை முழுக்கக் காய்ந்த புல். அதை ஒட்டிக் கோரை, கோரைக்குள் நாமக்கோழிகள் குஞ்சு பொரித்திருந்த நேரம். பற்ற வைத்தால் பாம்போடு நிற்காது. அதைச் சொன்னேன். கடிதத்தைச் சொன்னேன். வேலை நின்றுவிடும் என்றேன். "ஓரமா போ சார்" என்றான் மாணிக்கம். அவன் என்னைத் திட்டக்கூட இல்லை. என்னை ஒரு ஆளாகவே அவன் எண்ணவில்லை.

கேனின் மூடியைத் திறந்தான். எனக்குப் பின்னால் மூன்றடியில் சீறல் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. முன்னால் அத்தனை பேர். இரண்டு பக்கமும் பயம். அதற்கும் மேலே ஒரு பயம், இவர்கள் கொளுத்திவிட்டால் பழி பாம்போடு எரிந்து போகும், நான் தப்பித்துவிடுவேன், அதில் எனக்குச் சந்தோஷம் வந்துவிடுமோ என்று. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"மாணிக்கம், நான் பார்க்கல," என்றேன். "நேத்து நான் பாலத்துக்கிட்டயே வரல. பயந்துகிட்டு அங்கிருந்தே தட்டினேன். நடுவுல தண்டவாளம் கழட்டியிருக்கு, பாரு. பாம்புக்கு சத்தமே வந்திருக்காது. பார்த்ததா எழுதிட்டேன். அதை நம்பித்தான் அவன் கையை விட்டான்."

மாணிக்கம் திரும்பி, தண்டவாளம் விட்டுப்போயிருந்த இடத்தைப் பார்த்தான். கேனைக் கீழே வைத்தான். வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். அடிக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவன் அடிக்கவில்லை. சட்டையை விட்டுவிட்டுத் தண்டவாளத்தின்மேல் உட்கார்ந்து தலையில் கைவைத்து அழுதான். ஓலை வைத்திருந்தவன் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றான். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தியோடர் சார் ஜல்லியில் ஓடியே வந்தார். விஷயத்தை அவரிடம் நானே சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ட்ரோலுக்குப் போன் செய்தார். பிளாக்கைத் திருப்பிக் கொடுக்கிறோம், வண்டிகளை விடலாம், வேலை செய்யவில்லை என்றார். கேட்டு வாங்கிய பிளாக்கை வேலை செய்யாமல் திருப்பிக் கொடுப்பது எங்கள் உத்தியோகத்தில் பெரிய தலைகுனிவு. அந்தப் பக்கத்தில் யாரோ கத்துவது எங்களுக்கே கேட்டது. "காரணம், பார்வையிடல் முறையாக நடக்கவில்லை. பொறுப்பு என்னுடையது," என்றார். அவர் குரல் எனக்கே பாதிதான் கேட்டது.

பச்சையம்மா வந்து கட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தச் சொன்னார். அடியில் தாய் விரியன். அதைச் சுற்றி ஒரு சாண் நீளத்துக்குக் குட்டிகள், எண்ண முடியாத அளவுக்கு.

"குட்டி போட்டு ரெண்டு மூணு நாளுதான் ஆவுது," என்றார். "அதான் எங்கியும் போவல. நேத்து தட்டியிருந்தா ஊரே கேக்குறாப்புல சீறியிருக்கும்." அவருக்கு என் விஷயம் தெரியாது, சாதாரணமாகத்தான் சொன்னார். பைகளைக் கட்டிய பிறகு பாலத்துக்குள்ளிருந்து இரண்டு ஆமைகளையும் எடுத்து வெளியே வைத்தார். அவை ஒன்றும் நடக்காதது போல ஏரிக்கு இறங்கிப் போயின. அன்று நான் டேப் எடுத்துக்கொண்டு எங்கும் போகவில்லை.

தியோடர் சார் ரிஜிஸ்டரைக் கேட்டார். ஸ்கேலை வைத்து, 'காணவில்லை' என்பதன் மேல் ஒரே ஒரு நேர்க்கோடு போட்டு என்னிடம் நீட்டினார். நான் பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதி, தேதி நேரம் போட்டுக் கையெழுத்திட்டேன். "போங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க," என்றார். அவ்வளவுதான் பேசினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கோதண்டத்தின் ரத்தத்தைக் கொஞ்சம் ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து மேசைமேல் நிறுத்தி வைத்தார். இருபது நிமிடத்தில் உறைய வேண்டுமாம். நான் அந்தக் குழாயையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாணிக்கம் பக்கத்தில் இருந்தும் என்னைப் பார்க்கவில்லை. இருபது நிமிடம் ஆனதும் டாக்டர் குழாயைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. என் வாழ்க்கையில் அதைவிடப் பயந்த நிமிடம் இல்லை. விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். சாயங்காலம் மறுபடி எடுத்து வைத்துச் சாய்த்தபோது அது அசையாமல் நின்றது. நான் ஆஸ்பத்திரித் தரையிலேயே நெற்றி பட சஜ்தாவில் விழுந்தேன்.

ஆனாலும் சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் செய்து, அந்த ஆட்காட்டி விரலை எடுத்து, கோதண்டம் வேலைக்குத் திரும்ப நான்கு மாதம் ஆனது. எனக்கு விசாரணை, தண்டனை எல்லாம் வந்தது. அதெல்லாம் நியாயம்தான், அதைப்பற்றிப் பேச ஒன்றுமில்லை. அந்தப் பொறுப்பை மட்டும் தியோடர் சார் என்னிடமிருந்து எடுக்கவில்லை. "இனிமே நீங்கதான் ஒழுங்கா பார்ப்பீங்க," என்றார்.

பார்த்தேன். பயம் போகவில்லை, ஆனால் பார்த்தேன். ஒவ்வொரு பாலத்திலும் தட்டி, காது வைத்து, முட்டியிட்டு டார்ச் அடித்தேன். நான் எழுந்ததும் கோதண்டம் வருவான். ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி தட்டுவான், மறுபடி கேட்பான், குனிந்து பார்ப்பான். பிறகு கேங் ஆட்களிடம் "பாத்துட்டேன்" என்பான். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கட்டையில் கை வைப்பார்கள். அந்த வேலை முடிந்து, புது லைனில் வண்டி ஓடி, நான் ஓய்வு பெறும்வரை எட்டு வருடம் இப்படித்தான். மாணிக்கம் அவனிடம் எல்லாம் சொல்லியிருப்பான். அவன் என்னிடம் அதைப்பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. என்றைக்குக் கேட்பான், யார் முன்னால் கேட்பான் என்று நான் எட்டு வருடமும் பயந்துகொண்டே இருந்தேன்.

ஓய்வு நாளன்று தாம்பரம் ஆபீஸில் சின்ன விழா வைத்தார்கள். தாஹிராவும் பிள்ளைகளும் முன்வரிசையில். ரிட்டயராகிவிட்ட தியோடர் சாரும் வந்திருந்தார். மேடையில் எனக்காகத் துணி போர்த்திய நாற்காலி ஒன்று. மாலையைப் போட்டுவிட்டு உட்காரச் சொன்னார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து கோதண்டம் எழுந்து மேடையை நோக்கி வந்தான். இன்றைக்கு எல்லார் முன்னாலும் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். தாஹிராவைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அவன் மைக்கைத் தொடவில்லை. நேராக நாற்காலிக்குப் போய், ஆட்காட்டி விரல் இல்லாத கையால் அதன் கைப்பிடியில் மூன்று தட்டு தட்டினான். காதைச் சாய்த்துக்கொண்டு நின்றான். பிறகு குந்தி, துணியைத் தூக்கி, அடியில் நன்றாகப் பார்த்தான். கூட்டம் ஏதோ வேடிக்கை என்று சிரித்தது. தியோடர் சார் மட்டும் சிரிக்கவில்லை. கோதண்டம் எழுந்து நாற்காலியை எனக்காகக் கொஞ்சம் இழுத்துப் போட்டான்.

"பாத்துட்டேன் சார். நீ உக்காரு."

உட்கார்ந்தேன்.